அத்தி நிலத்தின் விலை

1910களில் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகருக்கு வடக்கே மரக்கன்று நடுவதற்கு டைனமைட் வைத்தார்கள். மேல்மண்ணைச் சில அடி தோண்டினால் போதும், கல்லாய் இறுகிய தட்டு வந்துவிடும். மழைத் தண்ணீரும் அதைத் தாண்டி இறங்காது, வேரும் இறங்காது. மேடும் குழியுமாகக் கிடந்த அந்த நிலம் மேய்ச்சலுக்குத் தவிர வேறெதற்கும் ஆகாது என்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஜே. சி. ஃபோர்க்னர் என்ற நில வியாபாரி அதில் ஏறத்தாழ 12,000 ஏக்கரைக் கைக்குக் கொண்டுவந்தார். மேட்டைச் சமன்செய்தார், வாய்க்கால் வெட்டினார், குழிக்குக் குழி வெடிவைத்துத் தட்டை உடைத்தார். உடைத்த குழியில் அத்தி நட்டு, நிலத்தைத் துண்டு துண்டாக விற்றார். அத்தித் தோப்பு வாங்கினால் ஆயுளுக்கும் வருமானம் என்று விளம்பரம் போனது. பட்டணத்துக் குமாஸ்தாக்களும் ஓய்வுபெற்றவர்களும் வந்து வாங்கினார்கள்.

அதே இறுகிய மண்ணை இன்னொருவர் வேறு விதமாக எதிர்கொண்டார். சிசிலியிலிருந்து வந்த பல்தசாரே ஃபோரெஸ்டியெரே, 1906 தொடங்கித் தன் கையாலேயே தட்டைக் குடைந்து, தரைக்குக் கீழே அறைகள் அமைத்து, அங்கே பழமரங்கள் வளர்த்தார். அவருடைய நிலத்தடித் தோட்டம் இன்றும் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பார்க்கிறார்கள். ஃபோர்க்னரின் அத்தித் தோப்புகள் இல்லை. அந்த இடம் இப்போது ஃப்ரெஸ்னோவின் வசதியான குடியிருப்புப் பகுதி. 'ஃபிக் கார்டன்' என்ற பெயர் மட்டும் தெருவுக்கும் கடை வளாகத்துக்கும் மிச்சம். 1910-இல் 25,000 பேர்கூட இல்லாத ஊரில் 2020 கணக்கெடுப்பின்படி 5.42 லட்சம் பேர் இருக்கிறார்கள்.

இந்த 12,000 ஏக்கரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விளையும் அத்தி ஏறக்குறைய முழுவதும் கலிஃபோர்னியாவில்தான் விளைகிறது. அந்த மாநிலம் முழுவதிலும் இன்று அத்தி நிற்கும் பரப்பு பத்தாயிரம் ஏக்கருக்கும் குறைவு. நூறு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு வியாபாரி அத்திக்கென்று வளைத்துப்போட்ட நிலம், இன்று ஒரு வல்லரசின் மொத்த அத்தி நிலத்தைவிடப் பெரியது.

கடலுக்கு அப்பால் துருக்கியில் அத்தி நிற்கும் பரப்பு ஐம்பதாயிரம் எக்டேருக்குச் சற்று மேல். ஏக்கரில் சொன்னால் ஒன்றேகால் லட்சம். மகசூல் ஆண்டுக்கு மூன்று லட்சம் டன்னைத் தாண்டுகிறது. உலகில் விளையும் அத்தியில் ஏறத்தாழ கால் பங்கு அங்கிருந்து வருகிறது. உலர் அத்தியில் பாதிக்கு மேல் அதே நாட்டினுடையது. வேறு வேறு ரகங்கள், வேறு வேறு தட்பவெப்பம் என்றால் இந்த இடைவெளியை எளிதாக விளக்கிவிடலாம். ஆனால் கலிஃபோர்னியா நூறு வருடங்களுக்கு மேலாகப் பெருமையோடு வளர்த்த உலர் அத்தியும், துருக்கியின் அய்தின் மாவட்டத்து உலர் அத்தியும் ஒரே ரகம். அங்கிருந்து வெட்டிவந்த போத்தில் வளர்ந்தவை கலிஃபோர்னியாவின் மரங்கள். அய்தினில் அதற்குச் சாரிலோப் என்று பெயர். கலிஃபோர்னியாவில் தங்கள் மாநிலத்தின் பெயரையும் துருக்கியின் ஸ்மிர்னா துறைமுகத்தின் பெயரையும் ஒட்டிக் காலிமிர்னா என்று வைத்தார்கள். கோடை இரண்டு இடத்திலும் மழையற்றது, குளிர்காலம் இரண்டு இடத்திலும் மிதமானது. அப்படியிருந்தும் ஒரு மண்ணில் அத்தி நிலைத்தது, இன்னொன்றில் வந்த வேகத்தில் விலகியது.

காய்த்து உதிர்ந்த மரங்கள்

அமெரிக்க மண்ணுக்கு அத்தி முதலில் வந்தது ஸ்பானியப் பாதிரிமார் வழியாக. 1769-இல் சான் டியாகோவில் பிரான்சிஸ்கன் சபையார் மடம் அமைத்தபோது நட்ட கறுப்பு அத்திக்கு இன்றும் 'மிஷன்' என்றே பெயர். அது தானாகக் காய்க்கும், தானாகப் பழுக்கும். ஆனால் நியூயார்க் கடைகளில் கிறிஸ்துமஸ் நேரத்தில் நல்ல விலைக்குப் போனது ஸ்மிர்னாவிலிருந்து கப்பலில் வந்த உலர் அத்தி. பெரிய பழம், மெல்லிய தோல், தேன் நிறம், கடித்தால் விதை நொறுங்கி ஒருவித முந்திரி மணம். அதை நம் மண்ணிலேயே விளைவித்தால் என்ன என்று கலிஃபோர்னியாக்காரர்கள் நினைத்தது இயல்பு.

1880களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் 'புல்லட்டின்' நாளிதழைச் சேர்ந்த ஜி. பி. ரிக்ஸ்ஃபோர்ட், ஸ்மிர்னாவிலிருந்து 14,000 போத்துகளைத் தருவித்தார். பத்திரிகையின் சந்தாதாரர்களுக்கு அவை விநியோகிக்கப்பட்டன. மாநிலம் முழுவதும் கொல்லைகளில் மரங்கள் தழைத்தன. காய் பிடித்தது. கோலிக்குண்டு அளவுக்கு வந்ததும் அத்தனையும் உதிர்ந்தது. அடுத்த வருடமும் அப்படியே. துருக்கியர்கள் வேண்டுமென்றே உதவாத மரத்தை அனுப்பி ஏமாற்றிவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தது. பலர் கோடரியை எடுத்தார்கள்.

'அத்தி பூத்தாற்போல' என்று நாம் சொல்வதுண்டு. உண்மையில் அத்தி நிறையப் பூக்கிறது. பூ முழுவதும் காய் என்று நாம் நினைக்கும் பச்சை உருண்டைக்குள்ளே இருப்பதால் கண்ணில் படுவதில்லை. உருண்டையின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. காற்றும் தேனீயும் அதற்குள் போக முடியாது. போகக்கூடியது ஒரே உயிர்: இரண்டு மில்லிமீட்டர் நீளக் குளவி. ஸ்மிர்னா வகை மரங்கள் பெண் மரங்கள். அவற்றில் மகரந்தம் கிடையாது. ஆண் மரம் வேறு. அதன் காய் மனிதருக்கு உதவாது, ஆனால் குளவிக்கு அதுதான் வீடு. அங்கே பொரித்த பெண் குளவி மகரந்தத்தை உடலில் பூசிக்கொண்டு வெளியேறி, முட்டையிட இடம் தேடிப் பெண் மரத்துக் காயின் துளைக்குள் நுழைகிறது. நுழையும்போதே இறக்கைகள் பிய்ந்துவிடும். உள்ளே இருக்கும் பூக்களின் சூல்தண்டு அதற்குத் தகாத நீளம், முட்டையிட எட்டாது. பூ பூவாக முயன்று முயன்று, அந்த அலைச்சலில் மகரந்தத்தைத் தூவிவிட்டு அங்கேயே செத்துப்போகிறது. குளவி ஏமாந்த காய்தான் பழமாகும். குளவி வராத காய் உதிரும்.

ஈஜியன் கடற்கரை மக்களுக்கு இது ஆயிரக்கணக்கான வருடப் பழக்கம். ஆண் மரத்துக் காய்களைப் பறித்துக் கோத்துப் பெண் மரத்தில் தொங்கவிடுவதை ஹெரடோட்டஸும் தியோஃப்ராஸ்டஸும் எழுதிவைத்திருக்கிறார்கள். அத்தியின் தாவரவியல் பெயரான 'ஃபைகஸ் காரிகா'விலேயே பழைய காரியா நாடு இருக்கிறது. இன்றைய அய்தினின் தென்பகுதி அந்த நாட்டைச் சேர்ந்தது. ஆனால் 1880களின் கலிஃபோர்னியாவில் படித்தவர்கள்கூட இதைக் கிழவிக் கதை என்றார்கள். சுவீடனில் பிறந்து ஃப்ரெஸ்னோவில் குடியேறிய குஸ்தாவ் ஐசன் என்ற விஞ்ஞானி, குளவி இல்லாமல் ஸ்மிர்னா அத்தி பழுக்காது என்று விவசாயிகளின் கூட்டத்தில் சொன்னபோது கேலிசெய்து உட்காரவைத்தார்கள் என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு.

ஃப்ரெஸ்னோவில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த ரோடிங் குடும்பம் கேலிசெய்யவில்லை. 1886-இல் தங்கள் மேற்பார்வையாளரை ஸ்மிர்னாவுக்கே அனுப்பி, பெண் மரம், ஆண் மரம் இரண்டின் போத்தையும் கொண்டுவரச் செய்தார்கள். 1890-இல் மகன் ஜார்ஜ் ரோடிங், ஆண் காயின் மகரந்தத்தை எடுத்துப் பெண் காய்களின் துளைக்குள் கையாலேயே செலுத்திப் பார்த்தார். கைவைத்த காய்கள் பழுத்தன, மற்றவை உதிர்ந்தன. விடை கிடைத்துவிட்டது. ஒவ்வொரு காயாகக் கையால் செய்தால் தோப்பு எப்படிப் பிழைக்கும்? குளவி வேண்டும். அமெரிக்க வேளாண் துறையின் வால்டர் ஸ்விங்கிள், அல்ஜீரியாவிலிருந்து குளவி உறங்கும் ஆண் காய்களை ஈயத்தாளில் சுற்றி அனுப்பினார். 1899 கோடையில் ரோடிங்கின் தோப்பில் குளவிகள் புதிய காய்களிலிருந்து வெளிவந்து பறந்தன. மரம் வந்த பதினேழு பதினெட்டு வருடங்களுக்குப் பிறகுதான் அந்த மரத்தோடு வாழும் உயிர் வந்துசேர்ந்தது. ரோடிங் 1903-இல் இதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதினார்.

இந்தக் கதையைக் கலிஃபோர்னியாவில் வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள், அதில் பிழையில்லை. ஆனால் எனக்கு அதற்குள் வேறொன்று தெரிகிறது. அய்தினில் மரம், குளவி, ஆண் மரம், அதைக் கட்டத் தெரிந்த கை எல்லாம் ஒன்றாக வளர்ந்தவை. கலிஃபோர்னியாவில் ஒவ்வொன்றும் தனித்தனியாக, பணம் கொடுத்து, கப்பலில் வந்தவை. வாங்கிய ஒன்றை விற்கத் தயங்குவதற்கு அங்கே யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

எரிந்த துறைமுகமும் பெருகிய தோப்பும்

ஸ்மிர்னா, இன்றைய இஸ்மீர், அத்தியால் கட்டப்பட்ட ஊர் என்றால் சற்று மிகை. ஆனால் அதன் ரயில்பாதையைப் பற்றி அப்படிச் சொல்லலாம். அய்தின் இருக்கும் மெண்டெரெஸ் பள்ளத்தாக்கிலிருந்து ஒட்டக வரிசைகள் கொண்டுவந்த அத்தியையும் பருத்தியையும் வேகமாகத் துறைமுகம் சேர்க்க, பிரித்தானியக் கம்பெனி ஒன்று 1856-இல் உரிமம் பெற்றது. ஸ்மிர்னாவிலிருந்து அய்தினுக்கு 1866-இல் ரயில் ஓடியது. அனடோலியாவின் முதல் ரயில்பாதை அதுதான். பள்ளத்தாக்கில் விளைந்ததைத் துறைமுகத்து வணிகர்கள் விலை வைத்து வாங்கினார்கள். அந்தப் பிடியிலிருந்து விடுபட அய்தினின் அத்தி விவசாயிகள் 1910களின் நடுவில் கூட்டுறவு தொடங்கினார்கள். பிற்காலத்தில் 'தாரிஷ்' என்று பேர்பெற்ற கூட்டுறவு ஒன்றியத்தின் வேர் அங்கே இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் போர் வந்தது. 1914-இல் உதுமானியப் பேரரசு போரில் இறங்க, ஸ்மிர்னாவின் கப்பல்கள் நின்றன. 1919-இல் கிரேக்கப் படை இறங்கியது. அய்தின் நகரம் அந்தச் சண்டையில் எரிந்தது. 1922 செப்டம்பரில், புது அத்தி மூட்டைகள் கரைக்கு வந்து சேரவேண்டிய மாதத்தில், ஸ்மிர்னாவே எரிந்தது. 1923-இன் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கிரேக்கர்கள் கிரேக்கத்துக்கும் முஸ்லிம்கள் துருக்கிக்கும் பெயர்க்கப்பட்டார்கள். தோப்பு வைத்தவர்கள், வியாபாரம் செய்தவர்கள், பழம் பிரித்து அடுக்கிய பெண்கள் என எத்தனையோ பேர் போய்விட்டார்கள். மரங்கள் நின்றன. அறியாத கைகளுக்கு அவை மாறின.

ஃபோர்க்னர் குழி வெடித்துக்கொண்டிருந்ததும் அதே வருடங்கள்தான். ஸ்மிர்னா சரக்கு வராததால் அமெரிக்கச் சந்தையில் அத்தி விலை ஏறியது, ஃப்ரெஸ்னோ இருக்கும் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் நடவு பெருகியது. 1922-இலும் 1930-இலும் இறக்குமதிக்கு எதிராகச் சுங்கச் சுவர் உயர்ந்தது. ஃப்ரெஸ்னோ, மடேரா, மெர்சிட் ஆகிய மூன்று மாவட்டங்களும் அமெரிக்காவின் அத்தி நாடாயின. வாங்குவதற்கு ஆலையும் காத்திருந்தது. மாசசூசெட்ஸில் 1891-இல் பிறந்த 'ஃபிக் நியூட்டன்' பிஸ்கட்டின் நடுவில் வைக்கும் விழுதுக்கு மலிவான அத்தி எவ்வளவு வந்தாலும் செலவாகும். (பெயரிலிருந்த அத்தி 2012-இல் நீக்கப்பட்டது.)

போரும் சுங்கமும் சேர்ந்து ஏற்றிய பரப்பு அது. பெருமந்தம் வந்ததும் அது சரியத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு துருக்கியின் அத்தி மீண்டும் பெரிய அளவில் அமெரிக்காவுக்குள் வந்தது. கலிஃபோர்னியா விவசாயிகள் வாஷிங்டனுக்கு முறையிட்டார்கள். 1952-இல் ஜனாதிபதி ட்ரூமன் உலர் அத்தியின் சுங்கத்தை ராத்தலுக்கு 2.5 சென்ட்டிலிருந்து 4.5 சென்ட்டாக உயர்த்தினார். துருக்கி கடுமையாக ஆட்சேபித்தது. அதே வருடம் பிப்ரவரியில்தான் துருக்கி நேட்டோவில் சேர்க்கப்பட்டிருந்தது. ராணுவக் கூட்டாளி என்று தழுவிய கை, அய்தின் விவசாயியின் மூட்டைக்கு வாசலை அடைத்தது. சில ஆயிரம் ஏக்கர் அத்திக்காக ஒரு வல்லரசு இவ்வளவு செய்ததே என்று வியக்கலாம். அவ்வளவு செய்தும் அந்த ஏக்கர்கள் நிற்கவில்லை.

நிலம் யாருக்காகக் காத்திருந்தது

கலிஃபோர்னியாவின் அத்திப் பரப்பைச் சுருக்கியது குளவியோ நோயோ வெயிலோ அல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது. நோய் இருந்தது, உண்மை. குளவியோடு சேர்ந்தே ஒரு பூஞ்சணம் காய்க்குள் நுழைந்து உள்ளிருந்து அழுகவைப்பது 1920களிலேயே கண்டறியப்பட்டது. ஆண் மரத்துக் காய்களுக்கு மருந்து போட்டு அதைக் கட்டுப்படுத்தும் வழியையும் கண்டார்கள். குளவி தேவைப்படாத ரகங்களை உருவாக்கினார்கள். ஐரா காண்டிட் என்ற அறிஞர் தன் வாழ்நாளையே அத்திக்குக் கொடுத்தார். 1955-இல் அவர் தொகுத்த ரகப் பட்டியலில் அறுநூறுக்கு மேற்பட்ட அத்திகள் உண்டு. கனிந்து தரையில் விழும் பழத்தை இயந்திரத்தால் பெருக்கி எடுக்கும் முறையும் வந்தது. அறிவிலும் கருவியிலும் கலிஃபோர்னியாவுக்குக் குறையே இருக்கவில்லை.

குறை வேறு இடத்தில். அந்தப் பள்ளத்தாக்கில் நிலம் எப்போதும் அடுத்த பயிருக்காகக் காத்திருந்தது. ஃப்ரெஸ்னோ வடக்கே வளர்ந்தபோது அத்தித் தோப்பு மனையாக விலைபோனது. நகரம் எட்டாத இடத்தில் பாதாம் வந்தது. 2000-இல் கலிஃபோர்னியாவில் காய்க்கும் பாதாம் பரப்பு சுமார் ஐந்து லட்சம் ஏக்கர். இருபதே வருடத்தில் அது பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியது. பிஸ்தாவும் பின்னாலேயே வந்தது. பாதாமை இயந்திரம் உலுக்கி எடுத்துவிடும், கெடாமல் ஓராண்டு கிடங்கில் கிடக்கும், ஆசியச் சந்தை முழுவதும் வாங்கும். நம் ஊர் மளிகைக் கடைப் பாதாமில் பெரும்பகுதி அந்த மாநிலத்தினுடையது. அத்தியைப் பிடுங்கிப் பாதாம் நட்ட விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். கடன் வட்டிக்கும் தண்ணீர் கட்டணத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் கணக்கு ஒன்றைப் பார்க்கத் தவறக்கூடாது: அத்தி வறட்சி தாங்கும் மரம், பாதாமுக்கு அதைவிட மிக அதிகத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாத பள்ளத்தாக்கு தண்ணீர் குடிக்காத மரத்தை வெட்டி, குடிக்கும் மரத்தை லட்சக்கணக்கான ஏக்கரில் நட்டது. ஆழ்துளைக் கிணறுகள் இறங்க இறங்க, சான் வாக்கினின் தரைமட்டமே பல இடங்களில் பல அடி தாழ்ந்தது.

சரிவில் தங்கிய மரம்

அய்தினில் அத்தி நிலைத்ததற்கு விவசாயியின் பாசம் மட்டும் காரணம் என்று எழுதினால் அது பொய். அங்கும் சமவெளி அத்தியைக் கைவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் டிராக்டரும் அணைப் பாசனமும் வந்ததும் மெண்டெரெஸ் ஆற்றங்கரையின் கொழுத்த வண்டல் மண் பருத்திக்குப் போனது. அத்தி மலைச்சரிவுகளில் தங்கியது. இன்று கெர்மென்ஜிக், இன்ஜிர்லியோவா, நாஸில்லி வட்டாரங்களில் அத்தித் தோப்புகள் பெரும்பாலும் சரிவிலேயே நிற்கின்றன. பாசனம் இல்லை, மானாவாரி. டிராக்டர் ஏறச் சிரமப்படும் இடங்களில் வேறு எந்தப் பயிரும் போட்டிக்கு வருவதில்லை. நிலமும் சிறிய சிறிய துண்டுகள். பெரிய முதலீட்டுக்காரருக்கு அந்தத் துண்டுகளில் ஆசையும் எழவில்லை.

அந்தச் சரிவை வாழவைப்பது மனித உழைப்பு. ஜூன் மாதத்தில் ஆண் மரத்துக் காயை, அங்கே 'இலெக்' என்கிறார்கள், விடியற்காலைச் சந்தையில் விற்பார்கள். வெயில் ஏறினால் குளவி வெளியேறிவிடும் என்பதால் இருட்டோடு விற்பனை முடிய வேண்டும். வாங்கியதைக் கோத்து மரத்துக்கு மரம் தொங்கவிடுவார்கள், சில நாள் இடைவெளியில் மறுபடியும். அதிகமாகக் கட்டினால் காய் வெடிக்கும், குறைத்துக் கட்டினால் உதிரும். ஆகஸ்டில் பழம் மரத்திலேயே சுருங்கி, பாதி காய்ந்த நிலையில் தானாக விழும். பறிப்பது கிடையாது. விழுந்ததை அன்றன்றைக்கே குனிந்து பொறுக்கி, தரையிலிருந்து உயர்த்திய தட்டிகளில் வெயிலில் பரப்ப வேண்டும். செப்டம்பரில் ஒரு மழை பெய்தால் வருடத்து வருமானம் கறுத்துப்போகும். இதைத் தெரிந்துதான், ஒவ்வொரு பருவத்திலும் முதல் ஏற்றுமதிக் கப்பல் புறப்படும் தேதியை அந்நாட்டு அரசே அறிவிக்கிறது. அதற்கு முன்னால் யாரும் அரைகுறையாய்க் காய்ந்த சரக்கை அனுப்பக்கூடாது.

நம் நிலக்கடலைக்காரர்களுக்குத் தெரிந்த அஃப்ளடாக்சின் அங்கேயும் எதிரி. அந்தப் பூஞ்சண நஞ்சு ஏறிய பழம் புற ஊதா விளக்கின் கீழ் பச்சை கலந்த மஞ்சளாக மின்னும். இஸ்மீர், அய்தின் ஆலைகளில் இருட்டறைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, நகரும் பட்டையில் மின்னும் பழங்களைக் கண்ணால் பார்த்துப் பொறுக்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு கடுமையானது, ஒரு கொள்கலன் திரும்பி வந்தால் விலை எல்லோருக்கும் சரியும். இத்தனைக்கும் பிறகு ஆண்டுக்கு அறுபது எழுபதாயிரம் டன் உலர் அத்தி கப்பலேறுகிறது. 'அய்தின் அத்தி'க்கு 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பூர்வீகப் பெயர்க் காப்பும் கிடைத்தது. அரசின் பங்கும் குறைவல்ல: ஏர்பெய்லி கிராமத்தில் 1938-இல் தொடங்கிய அத்தி ஆராய்ச்சி நிலையம் நூற்றுக்கணக்கான ரகங்களை வைத்துப் பாதுகாக்கிறது.

(தமிழ்நாட்டுக் கடைகளில் வளையமாகக் கயிற்றில் கோத்துத் தொங்கும் உலர் அத்தி பெரும்பாலும் ஆப்கானிஸ்தானிலிருந்து வருவது. புனேக்கு அருகே புரந்தரில் விளையும் அத்தி குளவி இல்லாமலே பழுக்கும் வகை. ஸ்மிர்னா வகையின் கதை புரந்தர் அத்திக்குப் பொருந்தாது.)

எண்ணும் விதம்

இரு நாட்டு அத்தி நிலத்தை ஒப்பிட உட்காருபவர்கள் ஒரு இடத்தில் நிதானிக்க வேண்டும். ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 1961 தொடங்கி ஒவ்வொரு நாட்டின் அறுவடைப் பரப்பையும் வெளியிடுகிறது. இரண்டு கோடுகளை ஒரே தாளில் வரைந்தால் துருக்கி மேலே, அமெரிக்கா தரையோடு தரையாக. ஆனால் துருக்கியின் புள்ளிவிவரத் துறை அத்தியை மரக்கணக்கிலும் சொல்கிறது: காய்க்கும் மரம் இத்தனை, காய்க்காத இளமரம் இத்தனை, மொத்தம் ஏறத்தாழ ஒரு கோடி. ஒலிவத்துக்கு நடுவே, வரப்போரம், வீட்டுக்கொல்லையில் நிற்கும் மரங்களும் அந்தக் கணக்கில் உண்டு. கலிஃபோர்னியா ஏக்கர் கணக்கில் சொல்கிறது. அங்கே அத்தி என்றால் நேர்கோட்டில் நட்ட தனித்தோப்பு, மற்ற மரங்கள் கணக்கில் வருவதில்லை. ஆகவே கோடு ஏறியதா இறங்கியதா என்பதை நம்பலாம். ஆனால் ஒரு நாட்டின் எக்டேரை இன்னொரு நாட்டின் எக்டேரோடு அப்படியே கழித்துப் பார்ப்பதில் பயனில்லை. சரிவில் அகல இடைவெளி விட்டு நிற்கும் மானாவாரி மரமும் பாசனத்தில் நெருக்கி நட்ட மரமும் ஒரே எக்டேரில் ஒரே அளவு தராது.

இந்தக் கோடுகள் இனி எப்படிப் போகும்? கலிஃபோர்னியாவில் 2014-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. 2040களின் தொடக்கத்துக்குள் உறிஞ்சுவதும் ஊறுவதும் சமமாக வேண்டும். சான் வாக்கின் பள்ளத்தாக்கில் குறைந்தது ஐந்து லட்சம் ஏக்கரைத் தரிசாக விட வேண்டியிருக்கும் என்று அந்த மாநிலத்தின் பொதுக் கொள்கை ஆய்வு நிறுவனம் 2019-இல் மதிப்பிட்டது. அந்த ஐந்து லட்சத்தில் ஒரு சிறு பங்கையாவது, குறைந்த நீரில் வாழும் அத்திக்குத் திருப்பலாம் என்பது என் கருத்து. டேவிஸ் நகரில் மத்திய அரசின் மரபணு வங்கியில் ரகங்கள் இருக்கின்றன, குளவி அங்கே இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது. இன்று அங்கே புது நடவு பெரும்பாலும் உலர்த்தாமல் பழமாகவே விற்கும் ரகங்களுக்குப் போகிறது. தோப்பு தோப்பாய் இருப்பதற்கு அதுவும் ஒரு வழிதான். ஆனால் 2021-இல் அத்தியின் கறுப்பு ஈ கலிஃபோர்னியாவில் முதன்முறையாகக் கண்ணில் பட்டிருக்கிறது. மத்தியத் தரைக்கடல் நாடுகளின் பூச்சி அது, இளங்காயிலேயே புழு வைத்து உதிரச்செய்யும். குளவியைக் கேட்டு வாங்கியவர்கள் ஈயைக் கேட்கவில்லை, அதுவும் வந்துவிட்டது.

அய்தினுக்கு வந்திருப்பது வேறு வகை ஆபத்து. அதைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். மெண்டெரெஸ் பள்ளத்தாக்கு புவிவெப்பம் மிகுந்த நிலம். அந்த வெந்நீராவியால் மின்சாரம் எடுக்கலாம். 2009-இல் துருக்கி முழுவதும் புவிவெப்ப மின் உற்பத்தித் திறன் நூறு மெகாவாட்டுக்கும் கீழே. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது 1,600 மெகாவாட்டைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு இந்தப் பள்ளத்தாக்கையும் அக்கம்பக்க மாவட்டங்களையும் சேர்ந்தது. கெர்மென்ஜிக்கைச் சுற்றி அத்திக்கும் ஒலிவத்துக்கும் நடுவே கிணறுகளும் ஆவி கக்கும் கோபுரங்களும் எழுந்தன. அடியிலிருந்து வரும் அந்நீரில் போரான் அதிகம். மீண்டும் பூமிக்குள் செலுத்த வேண்டிய நீர் ஓடையில் கலந்தால் மரம் தீய்ந்துபோகும். கோபுரங்களின் ஈரமும் வாடையும் காய்வதற்குக் காத்திருக்கும் பழத்தில் படிகின்றன என்று விவசாயிகள் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். கிராமத்துப் பெண்கள் இயந்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் எங்கே தோண்டுவது, எத்தனை தோண்டுவது என்பதை அத்தி விவசாயியைக் கேட்காமல் தீர்மானிப்பதை ஏற்க முடியாது. டிராக்டர் ஏறாத சரிவு என்பதால் தப்பிய நிலத்துக்கு, தரைக்குக் கீழே இருக்கும் வெப்பத்தால் இப்போது விலை வந்திருக்கிறது. ஃப்ரெஸ்னோவில் மேலே வந்த மனை விலைக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான்.

துருக்கியில் ஒலிவ மரத்துக்கு 1939-இலிருந்து தனிச் சட்டம் உண்டு. ஒலிவத் தோப்பிலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குள் தூசியோ புகையோ கக்கும் ஆலை வரக்கூடாது என்கிறது அது. அத்திக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. பக்கத்தில் ஒலிவம் நின்றதால்தான் பல அத்தித் தோப்புகளுக்கும் அந்தப் பாதுகாப்பின் நிழல் கிடைத்தது. 2025 ஜூலையில் துருக்கி நாடாளுமன்றம், மின்சாரத்துக்கான நிலக்கரிச் சுரங்கங்களுக்காக ஒலிவ மரங்களைப் பெயர்த்து வேறிடத்தில் நட இடமளிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டும். அதோடு, மூன்று கிலோமீட்டர் எல்லையை அய்தினின் அத்திச் சரிவுகளுக்கும் சேர்த்து எழுத வேண்டும். ஆண் மரமும் பெண் மரமும் குளவியும் ஒரே வட்டாரத்தில் இருந்தாக வேண்டிய ஒரு பயிரைப் பெயர்த்து நட முடியாது. போத்தை மட்டும் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு 1880களின் கலிஃபோர்னியாவே சாட்சி.